கரீஃப் காலத்தில் சலாலாவுக்கு

பாலைவனத்தைக் கடக்க விரும்பியவர்கள் முற்காலத்தில் பருவம் பார்த்தே புறப்பட்டார்கள். பெர்ட்ராம் தாமஸ் என்ற ஆங்கிலேயர் ஓமானின் தெற்கிலுள்ள தோஃபார் பிரதேசத்திலிருந்து ஒட்டகங்களுடன் கிளம்பி, ரூப் அல் காலி என்னும் மகா பாலைவனத்தைக் குறுக்கே கடந்து தோஹா போய்ச் சேர்ந்தது, 1930 டிசம்பருக்கும் 1931 பிப்ரவரிக்கும் இடைப்பட்ட குளிர்காலத்தில்தான். மஸ்கட் சுல்தானாக இருந்த சயீத் பின் தைமூர், சாலை என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லாத வெளியில், அதே தோஃபாரிலுள்ள சலாலாவிலிருந்து லாரிகளின் பரிவாரத்தோடு மோட்டாரிலேயே நிஸ்வா வரையில் சென்றதும் 1955 டிசம்பரில் நடந்த காரியமே. அந்தப் பரிவாரத்தில் இடம்பெற்ற பத்திரிகை நிருபர் ஜேம்ஸ் மாரிஸ் அந்த யாத்திரையை ஒரு நூலாகவே எழுதிவைத்திருக்கிறார். இன்னும் பின்னோக்கிப் போனால், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளஸ்' என்ற கிரேக்கக் கடல்வழி நூல், தமிழகத்துக் கரையிலிருந்தும் பரிகஸா துறையிலிருந்தும் திரும்பும் கப்பல்கள் பருவம் தவறிப் பின்தங்கிவிட்டால், தோஃபார்க் கரையிலுள்ள மோஷா என்ற துறைமுகத்திலேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போகும் என்று தெரிவிக்கிறது. காற்று அனுமதிக்காதபோது காத்திருப்பது என்பது அந்த மாலுமிகளுக்கு அவமானமாகத் தோன்றவில்லை. அதுவே அவர்களுடைய தொழில் ஞானத்தின் முதற்பாடமாக இருந்தது.

இக்காலத்தில் அமீரகத்திலும் மஸ்கட்டிலும் வாழும் நம்மவர்கள் சலாலாவுக்குப் புறப்படுவதோ, பாலைவனம் தன் முழு உக்கிரத்தோடு எரிகின்ற ஜூலை, ஆகஸ்டு மாதங்களில். அதற்குத் தக்க காரணமும் உண்டு. ஜூன் 21 வாக்கில் தொடங்கிச் செப்டம்பர் 21 வரை நீடிப்பதாகக் கணக்கிடப்படும் கரீஃப் பருவத்தில், கேரளத்துக்கும் குற்றாலத்துக்கும் மழை கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று தோஃபார் கரையை ஒட்டி வீசி, கடலின் மேற்பரப்பு நீரை அப்பால் தள்ளிவிட, அடியில் கிடந்த குளிர்ந்த நீர் மேலெழும்புகிறது. அந்தக் குளிர்ந்த பரப்பின்மீது தவழ்ந்து வரும் ஈரக்காற்று மேகமாகத் திரண்டு, கரைக்குப் பின்னால் எழுந்து நிற்கும் காரா மலைத்தொடரின்மீது மோதி, உயரே பாலைவனத்திலிருந்து வரும் உஷ்ணக்காற்று மூடியைப்போல அமுக்கிக்கொண்டிருப்பதால் மேலே செல்லவும் வழியற்று, மூடுபனியாகவும் தூறலாகவும் அந்தச் சரிவுகளிலேயே தங்கிவிடுகிறது. அரபு நாடு முழுவதும் 45 டிகிரியில் வேகும்போது சலாலாவில் 25 டிகிரி. தென்னையும் வாழையும் பப்பாளியும் செழித்த தோட்டங்கள். பசும்புல் போர்த்த குன்றுகள். முகத்தில் படும் சாரல். வருஷத்தில் ஒருமுறையேனும் மண் நனைந்த வாசனையை முகர வேண்டுமென்று ஏங்கும் நமக்கு அங்கே போகாமலிருப்பது சாத்தியமில்லை.

ஆகவே, பருவத்துக்குப் பணிந்து காத்திருக்கும் வசதி நமக்குக் கிடையாது. அந்தக் குறையை வண்டியின் ஆயத்தத்தினால்தான் ஈடுசெய்தாக வேண்டும். குளிர்தேசங்களில் வாழ்கிறவர்கள் பனிக்காலம் வருமுன் டயரை மாற்றி, சங்கிலியும் கம்பளியும் மண்வாரியும் வண்டியில் ஏற்றிவைத்துக்கொள்வார்கள்; அவர்களுக்கு எதிரி ஒருவனே, அவன் பெயர் பனி. சலாலாவுக்குப் போகிறவனுக்கோ ஒன்றுக்கொன்று நேர் விரோதமான இரண்டு எதிரிகள் ஒரே நாளில் எதிர்ப்படுகிறார்கள். காலையிலிருந்து மாலைவரை தீக்காற்று. பிறகு அரைமணி நேரத்துக்குள் மூடுபனியும் சேற்றுவழுக்கலும்.

என்னோடு வந்த நண்பர் கீழக்கரைக்காரர்; ஷார்ஜாவில் நெடுங்காலமாக வாகன உதிரிப்பாக வியாபாரம் செய்பவர். சலாலாப் பிரயாணம் என்றதும் அவர் துணிமணியைப் பற்றியோ தங்குமிடத்தைப் பற்றியோ பேசாமல், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே வண்டியைத் தொழிற்பேட்டையிலுள்ள ஒரு கராஜுக்கு ஓட்டிச்சென்றார். அங்கிருந்த மெக்கானிக் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர்.

"ஆயில் மாத்தியாச்சு, ஏசி நல்லா இருக்கு, கூலன்ட் பாத்துட்டேன். வேற என்ன அண்ணாச்சி?" என்றார் அவர்.

"வைப்பரைப் பாத்தியளா தம்பி?" என்றார் நண்பர். பிறகு என் பக்கம் திரும்பி, "பாலைவனத்துக்கு வண்டிய எல்லாரும் ரெடி பண்ணிர்றாங்க சார். கடைசி எண்பது கிலோமீட்டருக்குத்தான் யாரும் பண்றதில்ல" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தின் பொருளை நான் முழுதும் உணர்ந்தது, சலாலாவுக்கு எண்பது கிலோமீட்டர் முன்னே உள்ள துமைரித்தைத் தாண்டிய பின்னர்தான். வளைகுடாவில் வைப்பர் என்பது வருஷம் முழுவதும் வெயிலில் காய்ந்து கிடக்கும் உறுப்பு. அதன் ரப்பர் கல்லாய் இறுகி, ஓரம் வெடித்து, தூசியைத் துடைப்பதற்குக்கூட உதவாத நிலையை அடைந்திருக்கும். அதை மழையில் ஓட்டும்போது கண்ணாடியில் நீர் அகலாது, மங்கலான ஒரு படலமே எஞ்சும். புதிய ரப்பருக்கு ஆகும் செலவு ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவுதான். அதோடு கண்ணாடி கழுவும் நீர்த்தொட்டி, பனி விளக்குகள், பின்புற விளக்குகள், பிரேக் பட்டைகள் எல்லாவற்றையும் நண்பர் ஒன்றொன்றாகச் சோதிக்கச் செய்தார். பாட்டரி மூன்றாவது கோடையைக் கண்டதென்று தெரிந்ததும், நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே அதைக் கழற்றிப் புதியது போடச் சொன்னார். குளிரில்தான் பாட்டரி கெடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதன் ஆயுளைத் தின்பது உஷ்ணமே. இந்தப் பிரதேசத்தில் இரண்டு மூன்று வருஷங்களுக்குமேல் அது தாங்குவது அருமை.

டயரைப் பற்றி அவர் கூறியதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் இந்தச் சாலையில் உயிரைக் காப்பதும் போக்குவதும் பெரும்பாலும் அதுவே. டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு வருஷத்தையும் குறிக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது என்று அர்த்தம். பள்ளங்கள் ஆழமாக இருப்பதைக் கண்டு திருப்தியடைந்துவிடலாகாது. ஓடாமல் நின்றிருந்தாலும் வெயிலில் ரப்பர் முதுமையடைகிறது. அதைவிடப் பெரிய அபாயம் குறைந்த காற்று. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கவாட்டில் மடிந்து மடிந்து நிமிர்வதால் உட்புறம் சூடேறி, அடியில் தார்ச்சாலையின் வெப்பமும் மேலே குடும்பத்தின் மூட்டை முடிச்சுகளின் பாரமும் சேர்ந்து, மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் வெடித்துவிடுகிறது. வெயிலில் டயர் உப்பும் என்று பயந்து காற்றைக் குறைத்துக்கொண்டு புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த விபத்தைத் தவிர்க்க நினைக்கிறார்களோ அதையே வரவழைத்துக்கொள்கிறார்கள். ஐந்தாறு டிகிரி சூடு ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. கூடும், அதற்கு இடம்வைத்தே வண்டிக்கதவின் ஓரத்தில் அளவு அச்சிடப்பட்டிருக்கிறது. விடியுமுன், வண்டி ஓடிச் சூடேறாதபோது, அந்த அளவுக்கு நிரப்பிவிட்டு அதன்பின் அதைத் தொடாமலிருப்பதே முறை. ஸ்டெப்னிக்கும் அதே அளவு காற்று உண்டா என்று பார்க்க வேண்டும். தேவைப்படும் நாளில் அது சப்பையாகக் கிடந்தால் அதைச் சுமந்து வந்ததால் என்ன பயன்?

பின்புறப் பெட்டியில் ஏறியவை இவை: ஜாக்கியும் வீல் ஸ்பானரும், ஜாக்கி மணலில் புதையாமலிருக்க ஒரு பலகைத் துண்டு, எச்சரிக்கை முக்கோணம், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, இழுவைக்கயிறு, சிறிய மண்வாரி, ரப்பர்க் குழாயில் சுற்றுவதற்கான டேப்பும் சில இரும்பு வளையங்களும், டார்ச் விளக்கு, இரண்டு போர்வைகள், குடிநீர்ப் புட்டிகள் நீங்கலாக வண்டிக்கென்று தனியே மூன்று கேன் தண்ணீர். குழந்தைகளுக்குப் பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும். எல்லையில் காட்டுவதற்கு வண்டிப் பதிவுச்சீட்டான முல்கியாவும், ஓமானில் செல்லும் காப்பீட்டுக்கான ஆரஞ்சு கார்டும். ஓமான் போலீசாரின் அவசர எண் 9999 என்பதை ஒரு தாளில் எழுதி முன்கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினார் நண்பர். போன் அணைந்துபோனால் இன்னொருவர் போனிலிருந்தாவது கூப்பிட எண் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது அவருடைய விளக்கம்.

துபாய்ப் பக்கத்திலிருந்து சலாலா ஏறக்குறைய 1,200 கி.மீ. தூரம். இருட்டோடு கிளம்பி அல் ஐன் எல்லையைக் கடந்து, இப்ரி வழியாக ஆதம் என்ற ஊரை அடைகிறவரையில் வழியில் மலையும் ஊரும் மரமும் துணைக்கு வருகின்றன. ஆதமுக்குத் தெற்கே துமைரித் வரையில் சுமார் 700 கி.மீ. ஒன்றுமே இல்லை. மணற்குன்றுகள்கூட இல்லாத, சரளைக்கல் பரந்த சமவெளி. தொடுவானம் ஒரு பக்கத்திலும் உயர்வதில்லை. காபா, ஹைமா, கஃப்தைன், கத்பித் என்று நீண்ட இடைவெளிகளில் ஒரு பெட்ரோல் பம்ப், ஒரு தேநீர்க்கடை, ஒரு தொழுகையிடம். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்குமுன் நிரப்பிக்கொள்வது இங்கே சட்டமாகவே கொள்ளத்தக்கது. இடையிடையே தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போகிறது. வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நடந்துபோகக் கூடாதென்பதை வண்டியிலுள்ள எல்லாருக்கும், முக்கியமாகச் சிறுவர்களுக்கு, முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். இவ்வெளியில் வண்டியே நிழல்; தேடி வருகிறவர்கள் கண்ணுக்குத் தென்படுவதும் அதுதான்.

ஹைமாவைச் சூழ்ந்த இப்பிரதேசம் ஹராஸிஸ் என்ற குலத்தாரின் நிலம். வேட்டையாடி அழித்ததால் 1972இல் காட்டில் அறவே இல்லாதொழிந்த அரேபிய ஓரிக்ஸ் மானை, 1982இல் இங்கேதான் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். நீர்நிலையற்ற இவ்வெளியில் அந்த மான்கள் பிழைப்பதற்குக் கடலிலிருந்து வரும் இரவுப்பனி நனைத்த புல் உதவுகிறது என்று படித்திருக்கிறேன். காட்சி தராத தூரங்களைக் கடக்கும்போது இத்தகைய செய்திகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போவது கேளிக்கை மாத்திரமன்று. நேர்கோடாக ஓடும் சாலையும் குளிர்காற்றும் எஞ்சினின் ஒரே சீரான ஓசையும் கண்ணை இழுக்கும். இங்கே நித்திரையே முதன்மையான விபத்து. நண்பர் இரண்டு மணிக்கொருமுறை வண்டியை நிறுத்தி, ஒரு சுலைமானித் தேநீர் அருந்தி, ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்தார். பகல் உஷ்ணத்துக்கு அஞ்சி இரவில் ஓட்டுகிறவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமில்லை. ஒட்டகத்தின் கால்கள்தான் விளக்கொளியில் விழும். உடலோ அதற்குமேல் இருட்டில் இருக்கும். மோதினால் கால்கள் முறிந்து அத்தனை பாரமும் முன்கண்ணாடியின்மேல் சரியும். ஒரு வழிக்கு ஒரே தடமாக இருந்த நாட்களில் லாரிகளை முந்தப்போய் எதிர்வண்டியில் மோதி மாண்ட குடும்பங்களின் கதைகளை இங்குள்ள தேநீர்க்கடைகளில் இன்றும் கேட்கலாம். சாலை பகுதி பகுதியாக இரட்டிப்பாக்கப்பட்டு வந்திருப்பது பெரிய உபகாரம்.

துமைரித்தில் வண்டியை விட்டு இறங்கியபோது அடுப்பின் வாயைத் திறந்தது போன்ற அனல். அங்கிருந்து சலாலா 80 கி.மீ. இந்த இடத்தில் நண்பர் மற்றவர்களைப்போல 'வந்துவிட்டோம்' என்று ஆறுதலடையாமல், முன்கண்ணாடியை உள்ளும் புறமும் கழுவினார். ஆயிரம் கிலோமீட்டர் பூச்சியும் தூசியும் எண்ணெயும் படிந்த கண்ணாடியில் தூறல் விழுந்தால் எதிரே ஒன்றும் தெரியாது. விளக்குகளின் முகத்தையும் துடைத்தார். வைப்பரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

மலையின் விளிம்பு வருகிறவரையில் பனி வருமென்பதற்கு ஒரு குறியும் இல்லை. நீலவானம், காய்ந்த பாறை. பிறகு ஒரு திருப்பத்துக்கு அப்பால் வெண்மையான ஒரு கரை தரையோடு தரையாகக் கிடந்தது, அதற்குள் சாலை மறைந்துவிட்டது. உஷ்ணமானியின் எண் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிற்று. குளிரூட்டியால் குளிர்ந்திருந்த கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஈரக்காற்று பட்டுக் கண்ணிமைப்பதற்குள் வெள்ளைப் படலம் பூத்தது. இந்த வினாடியில்தான் அனுபவமில்லாதவர்கள் தடுமாறுகிறார்கள்: உட்புறத்தைத் துணியால் துடைக்கிறார்கள், ஏசியை நிறுத்துகிறார்கள், உடனே மூச்சின் ஈரம் உள்ளேயும் படிந்து இருபுறமும் குருடாகிறது. வெளியே படிந்ததற்கு வைப்பர். கண்ணாடியின் குளிர்ச்சியைக் குறைக்க ஏசியின் உஷ்ணநிலையைச் சற்று உயர்த்துதல். உள்ளே படியாமலிருக்க ஏசியை நிறுத்தாமல் வெளிக்காற்றை உள்ளே விடுதல். இவ்வளவே வித்தை. விளக்கை உயர்த்திப் போட்டால் பனி ஒளியைத் திருப்பி நம் கண்ணிலேயே எறியும். தாழ்ந்த விளக்கும் பனி விளக்குமே உதவும். ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு இண்டிகேட்டரையும் மின்னவிடும் வழக்கம் பலருக்கு உண்டு. பின்னால் வருகிறவனுக்கு நாம் நிற்கிறோமா, போகிறோமா, திரும்புகிறோமா என்று தெரியாமல் செய்துவிடுகிற வழக்கம் அது. பனி என்ன செய்யக்கூடும் என்பதற்கு வளைகுடா வாசிகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை: 2008 மார்ச் 11 அன்று காலையில் அபுதாபி-துபாய் நெடுஞ்சாலையில் கன்தூத் அருகே சுமார் 200 வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதி எரிந்ததையும், உயிர்கள் மாண்டதையும் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இப்போது அபுதாபிச் சாலைகளில் பனி மூடினால் பலகைகளில் 80 என்ற வேக எல்லை ஒளிர்கிறது. காரா மலைச்சரிவில் அந்த 80உம் அதிகம்.

பார்வை மறைவது ஒரு பாதி. பிடிப்பு அறுவது மறுபாதி. மாதக்கணக்கில் தார்மேல் படிந்த தூசியும் எண்ணெயும் தூறலில் குழைந்து மெல்லிய பசையாகிவிடுகிறது. பெருமழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். இந்தச் சாரலுக்கு அந்த வலு இல்லை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பட்டைகள் காய்ந்து பிடிப்பு போய்விடும், சட்டென்று மிதித்தால் வண்டி வழுக்கும். ஆகவே நண்பர் கியரைக் குறைத்து எஞ்சினின் இழுப்பிலேயே வண்டியை இறக்கினார். முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு தெரிந்தும் மறைந்தும் போயிற்று. அதை முந்த வேண்டுமென்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. மலைவாசிகளின் பசுக்கள் பனிக்குள்ளிருந்து திடீரென்று சாலையில் தோன்றின. ஒட்டகங்களை மாத்திரம் அதிகம் காணோம். கரீஃப் தொடங்கியதும் அவற்றின் அகன்ற பாதம் சேற்றுச்சரிவில் நிலைகொள்ளாது என்பதால், உரிமையாளர்கள் அவற்றை மலையிலிருந்து சமவெளிக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். பல தலைமுறைகளாக அம்மலையில் வாழ்கிறவர்கள் தங்கள் வாகனத்தை அகற்றிக்கொள்ளும் மாதத்தில் நாம் நம் வாகனத்தை அங்கே ஏற்றுகிறோம் என்பதை நினைத்தபோது, கராஜில் கழித்த அந்த நாட்கள் வீண்போகவில்லை என்ற நிம்மதியே எனக்கு உண்டாயிற்று.

சலாலாவின் அழகை வர்ணிக்க வேறு பலர் இருக்கிறார்கள். தர்பாத் பள்ளத்தாக்கின் நீர்வீழ்ச்சிகளையும், முக்சைல் கரையில் பாறைத் துளைகளின் வழியே கடல் பீறிட்டெழுவதையும், சாலையோரக் கடைகளில் இளநீர் சீவுவதையும் கண்டு குழந்தைகள் ஊருக்கே வந்துவிட்டதாகக் கூவின என்று மட்டும் சொல்லிவிட்டு, கிழக்கே தாக்காவைத் தாண்டிய கோர் ரோரிக்கு வருகிறேன். கழிமுகத்தின் மேலே நிற்கும் அந்தச் சும்ஹுரம் கோட்டையின் இடிபாட்டைத்தான் பெரிப்ளஸ் கூறும் மோஷா என்று அறிஞர்களில் பெரும்பாலோர் கொள்கிறார்கள். இத்தாலிய அகழ்வாளர்கள் 2006இல் இங்கே எடுத்த ஓர் உடைந்த பானையோட்டில் தமிழ் பிராமி எழுத்தில் 'ணந்தை கீரன்' என்ற பெயர் இருந்தது. காலம் ஏறக்குறைய கி.பி. முதல் நூற்றாண்டு. அந்தக் கீரன் எந்த ஊரான், என்ன சரக்கு கொண்டுவந்தான் என்பதெல்லாம் மறைந்துபோயின. ஆனால், நெடும்பயணத்தில் தன் பாண்டத்தைப் பிறருடையதோடு கலந்துவிடாமல் பெயர் பொறித்துக் காப்பாற்றிக்கொள்ளும் கவனம் அவனிடத்தில் இருந்தது. அவன் பருவம் அறிந்த கூட்டத்தைச் சேர்ந்தவன். மதில்மேல் நின்று, அலைகள் கரையை அறையும் அந்தக் கடலைப் பார்த்தால், கரீஃப் மாதங்களில் எந்த மாலுமியும் இத்துறைக்குள் நுழையத் துணிந்திருக்க மாட்டான் என்பது தானே விளங்கும்.

சலாலாவில் மழைக்காலத்துச் சாரல் சாதுவானது, புயல் அப்படியன்று. 2018 மே 25 அன்று மெகுனு புயல் இந்நகரத்துக்கு அருகே கரையேறியபோது, பல வருஷங்களில் பெய்ய வேண்டிய மழை சில நாட்களில் கொட்டிச் சாலைகளை அடித்துக்கொண்டு போயிற்று. வாதி எனப்படும் காய்ந்த ஆற்றுப்படுகையில் வெள்ளம் வரும்போது வண்டியை இறக்குவது ஓமானில் குற்றம். முழங்கால் அளவு நீரே ஒரு காரை உருட்டிவிடும். அந்தச் சட்டத்தைக் கொடுமை என்பவர்கள் வாதியில் நீர் வருவதைப் பார்த்தவர்களல்லர்.

திரும்பும் நாள் காலையில் நண்பர் சக்கரங்களின் உட்புறச் சேற்றைப் பீய்ச்சிக் கழுவச்செய்து, டயர்களில் காற்றை மறுபடியும் குளிர்ந்த நிலையில் சரிபார்த்தார். சாரலில் 25 டிகிரியில் நிரப்பிய காற்றுக்கும் மதியம் கத்பித்தில் சக்கரம் காணப்போகும் உஷ்ணத்துக்கும் உள்ள தாரதம்மியத்தை அப்போதும் எனக்கு எடுத்துரைத்தார்.

கத்பித்துக்கும் கஃப்தைனுக்கும் நடுவில், பானெட்டைத் திறந்துவைத்தபடி ஒரு வண்டி சாலையோரம் நின்றது. உள்ளே மலையாளக் குடும்பமொன்று. வயதான தாயார், இரண்டு குழந்தைகள். ரேடியேட்டரின் மேல்குழாய் பிளந்து நீர் முழுவதும் போய்விட்டிருந்தது, குடிநீரும் தீரும் தறுவாயில் இருந்தது. அம்மையாரையும் குழந்தைகளையும் எங்கள் வண்டியின் குளிர்ச்சியில் உட்காரவைத்தோம். அவர்களுடைய வண்டிக்குப் பின்னால் வெகுதூரத்தில் முக்கோணத்தை நிறுத்திவிட்டு, எஞ்சின் ஆறுகிறவரையில் மூடியைத் தொட வேண்டாமென்று அந்த இளைஞரைத் தடுத்து நிறுத்தினார் நண்பர். கொதிக்கும் நீர் முகத்தில் அடித்தால் குழாயைவிட்டு மருத்துவமனையைத் தேட வேண்டிவரும். அரைமணிக்கு மேல் காத்திருந்து, பிளவைத் துடைத்து உலரவைத்து, டேப்பை இறுக்கமாகப் பல சுற்றுச் சுற்றி, இருபுறமும் வளையத்தை முடுக்கி, கேன்களிலிருந்த தண்ணீரை ஊற்றினோம். அழுத்தம் ஏறிக் கட்டு அவிழாமலிருக்க மூடியை முழுதும் இறுக்காமல் விட்டார். சரக்கு லாரியொன்றை ஓட்டிவந்த பட்டாணியர் ஒருவரும் இறங்கி, தம்மிடமிருந்த தண்ணீரில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர்கள் முன்னாலும் நாங்கள் பின்னாலுமாக அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, வழியில் இருமுறை நிறுத்தி நீர் பார்த்து, கஃப்தைனை அடைந்தபோது அஸர் தொழுகைக்கு அழைப்பு கேட்டது. அங்கே அவர்கள் ஹைமாவிலிருந்து புதிய குழாய் தருவிக்க ஏற்பாடு செய்தார்கள். நண்பர் தொழுதுவிட்டு வந்தார். காலியான மூன்று கேன்களையும் பம்பின் குழாயடியில் நிரப்பி, டேப் ஒரு சுருளைக் கடையில் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஹைமா போய்ச் சேர வேண்டுமென்று வடக்கே வண்டியைத் திருப்பினோம்.